தப்பிச்சதெல்லாம் திறமை இல்லீங்க

ரொம்ப நாளாச்சுங்க இந்தப் பக்கம் எழுதி. பிராஞ்சுல ஆடிட், அது முடிஞ்சதும் இன்ஸ்பெக்‌ஷன்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு. இன்னிக்கும் எழுதியிருக்க மாட்டேன். போன ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல நடந்த ஒரு வாக்குவாதத்துல நான் தோத்துட்டேன். அதுவும் நான் பதினாலு வருஷமா பெருமையா சொல்லிட்டு வந்த என் சொந்தக் கதையை வெச்சே தோத்தேன். அதான் எழுதறேன்.

கரியாஹாட்ல எங்க ஞாயித்துக்கிழமை எப்படிப் போகும்னு இங்கே இருக்கிற தமிழ்க் குடும்பங்களுக்குத் தெரியும். காலையில லேக் மார்க்கெட் போய் வாழை இலை, முருங்கைக்காய், நல்ல காபிப்பொடி. சாயங்காலம் யாராவது ஒருத்தர் வீட்டுல நாலு குடும்பம். வங்காளிகளோட அட்டா நமக்கும் ஒட்டிக்கிச்சு. அன்னிக்கு எங்க வீடு. சால்ட் லேக் செக்டர் ஃபைவ்ல வேலை பார்க்கிற சேலத்துப் பையன் ஒருத்தன் செல்லுல அஜித் வீடியோவைப் போட்டான். 2025 ஜனவரி 7ஆம் தேதி துபாய்ல பயிற்சியின்போது கார் தடுப்புல மோதி, பம்பரமா சுத்தி நின்னு, அவர் அடி ஒண்ணும் படாம இறங்கி நடந்து வந்தாரே, அதேதான். எத்தனை தடவை பார்த்தாலும் நம்ம ஜனத்துக்கு அலுக்கலை.

"ரிஃப்ளெக்ஸ் அங்கிள், ரிஃப்ளெக்ஸ்! வேற யாராச்சும்னா காலி" அப்படின்னான் பையன்.

லேக் மார்க்கெட் மாமா (மூணு தலைமுறையா கல்கத்தா, அவர் பேசற தமிழ்ல பாதி வங்காளம்) தலையாட்டினார். "ரிஃப்ளெக்ஸாவது மண்ணாங்கட்டியாவது. ஆயுசு கெட்டி. அவன் அம்மா பண்ணின புண்ணியம்."

அப்படியே ரெண்டு கட்சி ஆயிடுச்சு. திறமைக் கட்சி, தலையெழுத்துக் கட்சி. நான் எதுல சேர்ந்தேன்னு கேட்கவே வேண்டாம். கோயமுத்தூர்க்காரன் ஆச்சே. நரேன் கார்த்திகேயன் ஊர். மாருதி இன்ஜினைப் போட்டு ஒத்தை சீட் பந்தயக் கார் கட்டின கரிவரதன் ஊர். செட்டிபாளையத்துல அவர் பேர்ல ஒரு டிராக்கே இருக்கு. (ரேஸ் கோர்ஸ்னு ரோடு கூட இருக்கு. ஆனா அது குதிரை ரேஸ்.) திறமைக் கட்சிக்காக நான் வாயைத் திறக்கறதுக்குள்ள என் பையன் எடுத்துக் கொடுத்தான். "அப்பா, பெருந்துறைக் கதையைச் சொல்லுங்கப்பா."

சொன்னேன். எப்பவும் சொல்ற மாதிரியே. விடியக்காலை, கும்மிருட்டு, டெயில் லைட் இல்லாம ரோட்டுல நின்ன லாரி, ஒரே செகண்ட், ஸ்டீயரிங்கை வலது பக்கம் ஒரு ஒடி, மறுபடி இடது பக்கம் ஒரு ஒடி, நூல் இடைவெளி. சேலத்துப் பையன் கையைத் தட்டினான். அப்பதான் அம்மணி காபித் தட்டோட வந்து, ரொம்ப சாதாரணமா ஒரு வார்த்தை சொன்னா: "நான் கத்தினதைச் சொல்ல மறந்துட்டீங்களே."

மறக்கலைங்க. விட்டுட்டேன். கதையை முதல் தடவை சொன்னப்ப அது இருந்தது. அப்புறம் எப்பவோ உதிர்ந்து போச்சு.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். பி.காம். படிச்சவன் வேற என்ன செய்வான்? ரெண்டு கட்சிக்கும் சேர்த்து இந்தப் பதிவு. முக்கியமா என் கட்சிக்கு.

திறமைக் கட்சியோட பெரிய சாட்சியையே முதல்ல கூப்பிடுவோம். ஹுவான் மானுவேல் ஃபாஞ்சியோ. அர்ஜென்டினாக்காரர், 1951லயும், அப்புறம் 1954லேர்ந்து 1957 வரைக்கும் வரிசையாவும், மொத்தம் அஞ்சு தடவை உலக சாம்பியன். 1950 மே 21, மொனாக்கோ பந்தயம். துறைமுகத்தை ஒட்டின ரோட்டுல, முதல் சுத்துலயே, கடல் அலை தெறிச்சு ஈரமான ஒரு திருப்பத்துல ஃபரீனா வழுக்கி நின்னார். பின்னாடி வந்தவங்க ஒருத்தர் மேல ஒருத்தர் மோதி மொத்தம் ஒன்பது கார் அங்கேயே காலி. முன்னாடி போயிட்டிருந்த ஃபாஞ்சியோவுக்கு இது எதுவும் தெரியாது. அடுத்த சுத்துல அதே திருப்பத்துக்கு முழு வேகத்துல வர்றார். திருப்பத்துக்கு அந்தப் பக்கம் ரோடு முழுக்க நொறுங்கின காருங்க. இங்கேர்ந்து பார்த்தா தெரியாது. ஆனா பிரேக் போட்டார். மெதுவா உள்ளே நுழைஞ்சு, இடுக்குல வழி கண்டுபிடிச்சு, வெளியே வந்து, பந்தயத்தையும் ஜெயிச்சார்.

பார்த்தவங்க "ஆறாவது அறிவு"ன்னாங்க. அவர் சொன்ன விளக்கம் ரொம்ப சாதாரணம். முதல் இடத்துல வர்ற காரை ஜனங்க பார்க்கணும். அன்னிக்கு யாரும் அவரைப் பார்க்கலை, எல்லாருடைய முகமும் வேற பக்கம் திரும்பி இருந்தது. அதோட, 1936ல இதே மொனாக்கோவுல நடந்த இதே மாதிரி குவியல் விபத்தோட போட்டோ ஒண்ணை அவர் பார்த்திருந்தார். முகம் திரும்பி இருக்குன்னதும் அந்தப் போட்டோ ஞாபகத்துக்கு வந்தது.

இதுல கண்ணிமைக்கிற நேரத்துத் திறமை எங்கே இருக்கு சொல்லுங்க? பழைய போட்டோவை மனசுல வெச்சிருந்தது ஒரு வேலை. முந்தின சுத்துல ஜனங்க முகம் எப்படி இருந்ததுன்னு கவனிச்சு வெச்சிருந்தது இன்னொரு வேலை. பிரேக் போட்டது கடைசிக் கையெழுத்து மட்டும்தான். ஃபைல் எப்பவோ தயார். (முன்னாடி போனவர் அவர்ங்கறதும், குவியல் அவருக்குப் பின்னாடி நடந்ததுங்கறதும் தனி. அது அதிர்ஷ்டம். மாமா இங்கே கைதட்டிக்கலாம்.)

சரி, அதே ஃபாஞ்சியோவை ரெண்டு வருஷம் கழிச்சுப் பார்ப்போம். 1952 ஜூன் 7, சனிக்கிழமை, வட அயர்லாந்துல ஒரு பந்தயம் ஓட்டறார். மறுநாள் இத்தாலியில மோன்சாவுல இன்னொண்ணு ஓட்டறதா வாக்குக் கொடுத்திருக்கார். விமானம் சரியா அமையலை. பாரிஸ் வரைக்கும் எப்படியோ வந்துட்டார், அங்கே வானிலை மோசம், விமானம் இல்லை. காரை எடுத்துக்கிட்டு ராத்திரி பூரா ஓட்டினார். ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி, பந்தயம் ஆரம்பிக்க அரை மணி நேரம் இருக்கும்போது மோன்சா வந்து சேர்ந்து, அப்படியே பந்தயக் கார்ல ஏறி உட்கார்ந்தார். ரெண்டாவது சுத்துல கார் கைவிட்டுப் போச்சு. தூக்கி வீசப்பட்டு, கழுத்தெலும்பு முறிஞ்சு, அந்த வருஷம் பூரா பந்தயம் இல்லை.

மொனாக்கோவுல இருந்த அதே கண்ணு, அதே கை, அதே உலக சாம்பியன். குறைஞ்சது ஒரு ராத்திரித் தூக்கம் மட்டும்தான். களைப்புதான் காரணம்னு அவரே ஒத்துக்கிட்டார்.

இந்த இடத்துல நான் பேனாவைக் கீழே வெச்சேன். ஏன்னா என் கதையோட முன்பாதி இதுதான். அதை நான் யாருக்கும் சொன்னதே இல்லை. இப்போ சொல்றேன்.

2011 மார்ச் 31. பேங்க்குல இருக்கிறவங்களுக்கு அந்தத் தேதியைப் பத்தி விளக்க வேண்டாம். வருஷக் கணக்கு முடிச்சு நான் பிராஞ்சை விட்டுக் கிளம்பினப்ப விடியக்காலை நாலு மணி. முந்தின ராத்திரியும் மூணு மணி நேரம்தான் தூங்கியிருப்பேன். ஏப்ரல் 1 மத்தியானம் ஹௌராவுல கோரமண்டல். நாலு வயசுப் பையனோட ரயில்ல தூக்கம் எப்படி இருக்கும்னு தெரியும்ல? ஏப்ரல் 2 சாயங்காலம் சென்னை. அன்னிக்குத்தான் உலகக் கோப்பை ஃபைனல். சகலை வீட்டுல டிவி முன்னாடி உட்கார்ந்து, தோனி சிக்ஸர் அடிச்சு, தெருவே வெடி வெடிச்சு, எல்லாம் பார்த்துட்டு ராத்திரி பதினொன்றரைக்கு சகலையோட காரை எடுத்தேன். கோயமுத்தூர் அஞ்நூறு கிலோமீட்டர். திங்கட்கிழமை அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். ஞாயித்துக்கிழமை காலையில அஞ்சு மணிக்குக் கிளம்பியிருந்தா மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுல இருக்கலாம். சகலை பாய் போட்டே வெச்சிருந்தார். "படுத்துட்டுப் போங்க"ன்னு மூணு தடவை சொன்னார். நான்தான், "இல்லீங்க, விடிய வீட்டுல இருந்தா ஒரு முழு நாள் கையில நிக்கும்"னு சொன்னேன்.

லீவுங்க. வெளியூர்ல பொழைக்கிற நம்ம எல்லாருக்கும் ஊர்ல கழிக்கிற ஒவ்வொரு நாளும் பவுன் மாதிரி. எட்டு மணி நேரத்தை மிச்சம் பிடிக்க நான் கிளம்பினேன். நீங்க கிளம்பினதில்லையா? வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிஞ்சு பெங்களூர்லேர்ந்து மதுரைக்கு? துபாய்லேர்ந்து வந்து நடுராத்திரி திருச்சியில இறங்கி, பெட்டியை மேல கட்டிட்டு அப்படியே பட்டுக்கோட்டைக்கு? நம்ம ஜனம் அதை ஒரு சாதனையாவே சொல்லும். "ஒரே மூச்சுல ஓட்டிட்டு வந்தார்"னு மாமியார் வீட்டுல ஒரு மரியாதை.

பெருந்துறைக்கு முன்னாடி, மணி அஞ்சு அடிக்கப் போகுது, இருட்டு. நான் தொண்ணூறுல போயிட்டிருந்தேன். தொண்ணூறுன்னா செகண்டுக்கு 25 மீட்டர். எதிர்ல வண்டி வந்ததால லைட்டைத் தாழ்த்தியிருந்தேன். தாழ்ந்த லைட்டுல நல்லாத் தெரியறது ஐம்பது மீட்டர்னு வெச்சுக்குவோம். ரெண்டு செகண்ட். தெம்பா இருக்கிறவனுக்கே கண்ணு பார்த்து, மூளை புரிஞ்சு, கால் நகர ஒரு செகண்டுக்கு மேல ஆகும். அதுக்குள்ள பாதித் தூரம் போயிடுச்சு. பிரேக்கை முழுசா அழுத்தினாலும் அந்த வேகத்துல கார் நிக்க இன்னொரு நாற்பது, நாற்பத்தஞ்சு மீட்டர் வேணும். ஆக, லாரி கண்ணுல படறதுக்கு முன்னாடியே நான் அதுக்கு முன்னாடி நிக்க முடியாதவனா ஆகியிருந்தேன். அந்த முடிவை பெருந்துறையில எடுக்கலை. சகலை வீட்டு வாசல்ல எடுத்தேன். கண்ணுக்குத் தெரியற தூரத்துக்குள்ள நிக்க முடியாத வேகத்துல, தூங்காத கண்ணோட வர்றதுன்னு அங்கேயே தீர்மானம் பண்ணிட்டேன்.

அப்புறம் நடந்தது என்ன? "ஏனுங்க!"ன்னு அம்மணி கத்தினா. அவதான் முதல்ல பார்த்தா. நான் ஒடிச்சேன். வலது பக்கம் காலியா இருந்தது. இருக்குதா இல்லையான்னு நான் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. நான் திரும்ப இடது பக்கம் வந்து மூச்சு விடறதுக்குள்ள, அதே வலது பக்கத்துல ஒரு ஆம்னி பஸ் ஹாரனை அலற விட்டுட்டுப் போச்சு. அஞ்சு செகண்ட் இருக்கும். அந்த பஸ்சையும் நான் கதையில சேர்த்ததே இல்லை.

இப்போ லெ மான்ஸ். 1955 ஜூன் 11. கார் பந்தய வரலாற்றுலயே பெரிய சாவு. பிட் பக்கம் ஒதுங்க ஹாதார்ன் பிரேக் போட, பின்னாடி வந்த மாக்லின் விலக, அவருக்குப் பின்னாடி இருந்த லெவெக் விலக இடமில்லாம அந்தக் கார் மேல ஏறி, கூட்டத்துக்குள்ள பறந்து, எண்பதுக்கும் மேல ஜனம் செத்துச்சு. லெவெக்கும் போயிட்டார். அவருக்கு நேர் பின்னாடி, இருநூறு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்துல, வந்தது யார்னு நினைக்கறீங்க? நம்ம ஃபாஞ்சியோதான். இடுக்குல புகுந்து வெளியே வந்துட்டார். கீறல் கூட இல்லை.

இதைத்தான் திறமைக் கட்சி சட்டம் போட்டு மாட்டி வெச்சிருக்கு. ஆனா ஃபாஞ்சியோ வாழ்நாள் பூரா என்ன சொன்னார் தெரியுமா? மோதறதுக்கு முந்தின கணத்துல லெவெக் கையைத் தூக்கி எச்சரிச்சார், அதுதான் தன்னைக் காப்பாத்துச்சுன்னு. அஞ்சு பட்டம் வாங்கினவர், செத்துப் போன ஒருத்தரோட கையை மறக்காம கதையில வெச்சிருந்தார். நான் ஒரு லாரியைத் தாண்டினதுக்கு, பக்கத்து சீட்டுல உசுரோட இருக்கிறவளோட குரலையே எடுத்துட்டேன்.

சேலத்துப் பையன் கேட்பான், தெரியும். "அப்போ ரேஸ் டிரைவர்னா ஒண்ணுமே இல்லையா அங்கிள்?" இருக்கு தம்பி, நிறைய இருக்கு. பின் டயர் வழுக்க ஆரம்பிக்கறது சீட்டு வழியா அவங்க முதுகுக்குத் தெரியும். நினைக்கறதுக்கு முன்னாடி கை எதிர்ப்பக்கம் திருப்பியிருக்கும். அது ஆயிரக்கணக்கான தடவை வழுக்கிப் பழகின உடம்பு. அதைத் திறமைன்னு சொல்ல எனக்கு ஒரு தயக்கமும் இல்லை, ஏன்னா மறுபடி கேட்டா மறுபடி செய்வாங்க. என்னோட அளவுகோல் அவ்வளவுதான்: அதே இடம், அதே வேகம், பத்து தடவை. எத்தனை தடவை வெளியே வருவே? மொனாக்கோவுல ஃபாஞ்சியோ எட்டு ஒன்பது தடவையாவது வந்திருப்பார். ஜனங்க முகம் அவருக்கு ஒவ்வொரு தடவையும் தெரியும். லெ மான்ஸ்ல? பாதிக்குப் பாதின்னா அதிகம். பெருந்துறையில நான்? பஸ் அஞ்சு செகண்ட் முன்னாடி வந்திருக்கலாம். அம்மணி தூங்கிப் போயிருக்கலாம், அவளும் ரெண்டு நாளா தூங்கலை. தாராளமா போட்டா ஆறு. மிச்ச நாலு தடவையில இந்தப் பதிவும் இல்லை, இதை எழுதறவனும் இல்லை, பின் சீட்டுல தூங்கிட்டிருந்த நாலு வயசுப் பையனும் இல்லை. அவனுக்கு சீட் பெல்ட்டும் போடலை.

இருநூறுல போறவருக்கு 0.2 செகண்ட்ல கார் 11 மீட்டர் போயிடும். நம்ம ரோட்டுல நாற்பதுல போறவருக்கு ஒரு செகண்ட்ல அதே 11 மீட்டர். அந்த 11 மீட்டர்ல யாரும் எதுவும் செய்யறதில்லைங்க. சாம்பியனும் சரி, நானும் சரி, சும்மா பயணம்தான் பண்றோம். முன்னாடி சேர்த்து வெச்சது இருந்தா உதவும்.

இன்னொரு பக்கம், ஒண்ணுமே செய்ய முடியாத கேஸும் இருக்கு. 2010 மே 16, மறுபடி மொனாக்கோ. நம்ம சென்னை கருண் சந்தோக் ஓட்டிட்டிருக்கார். பந்தயம் முடிய சில சுத்துதான் பாக்கி. ரஸ்காஸ் திருப்பத்துல பின்னாடி வந்த த்ருல்லியோட கார் அவர் கார் மேல ஏறி, தலைக்கு மேலயே உருண்டு போச்சு. சந்தோக் தப்பிச்சார். இதுல அவர் திறமை எங்கே? அவர் மேல ஒரு கார் ஏறுச்சு, அவ்வளவுதான். ரெண்டு வருஷம் கழிச்சு, 2012 நவம்பர்ல அபுதாபியில, எங்க ஊர் நரேனுக்கு. அவர் கார் கோளாறாகி திடீர்னு வேகம் குறைய, பின்னாடி ஒட்டி வந்த ரோஸ்பெர்க்கோட மெர்சிடிஸ் அவர் கார்ல ஏறிப் பறந்து போய் விழுந்தது. ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகலை. ஃபார்முலா ஒன்ல ஓட்டின நம்மாளுங்க ரெண்டே பேர். ரெண்டு பேர் கார் மேலயும் இன்னொரு கார் பறந்திருக்கு. மாமா இதைக் கேட்டா "பார்த்தியா"ன்னு தொடையைத் தட்டுவார்.

தட்டட்டும். ஆனா மாமா கட்சிக்கும் ஒரு கேள்வி. ஆயுசு கெட்டின்னு எல்லாரும் கையைக் கட்டிட்டு இருந்திருந்தா 2018ல ஃபார்முலா ஒன் கார்ல தலையைச் சுத்தி ஹேலோ வளையம் வந்திருக்குமா? 2020 நவம்பர் 29, பஹ்ரைன்ல குரோஜானோட கார் தடுப்புக் கம்பியைப் பிளந்துட்டு உள்ளே போய், ரெண்டா உடைஞ்சு, தீப்பந்தாச்சு. 28 செகண்ட் நெருப்புக்குள்ள இருந்து மனுஷன் எழுந்து வந்தார். அந்த வளையம் வேண்டாம்னு முன்னாடி சொன்னவங்கள்ல அவரும் ஒருத்தர். அது இருந்ததாலதான் உசுரோட இருக்கேன்னு அப்புறம் அவரே சொன்னார். எவனோ ஒரு இன்ஜினியர் வருஷக்கணக்குல வரைஞ்சு, இடிச்சுப் பார்த்து மாட்டினதை "புண்ணியம்"னு சொல்லிட்டுப் போனா, அந்த ஆளுக்கு என்ன மரியாதை மாமா?

"எல்லாம் திறமை" கட்சி மேல எனக்கு இருக்கிற உண்மையான கோபத்தை இப்போ சொல்லிடறேன். தப்பிச்சவன் திறமைசாலின்னா, தப்பிக்காதவன் யாரு? 2023 ஜனவரி 8, சென்னை இருங்காட்டுக்கோட்டை டிராக். கே.இ. குமார், 59 வயசு, பழுத்த பந்தய வீரர். தேசியப் போட்டியில இன்னொரு காரோட உரசி, தடம் விலகி, வேலியில மோதிக் கார் தலைகீழா விழுந்து போயிட்டார். நாம பாட்டுக்குத் தொடக்கூடத் தொடாத காரையெல்லாம் பல வருஷம் ஓட்டினவர். நம்ம கணக்குப்படி அவருக்குத் திறமை பத்தலையா? லெவெக்கையும் அப்படித்தான், 49 வயசுல இவருக்கு எதுக்கு ரேஸுன்னாங்க. முன்னாடி விலகின காருக்கும் அவருக்கும் இடையில அங்கே இடமே இல்லை. அதே ரோட்டுல நேர் பின்னாடி வந்தவருக்குக் கொஞ்சம் இடம் இருந்தது. ஒருத்தர் சமாதியில, ஒருத்தர் 84 வயசு வரைக்கும் இருந்தார். இதைத் திறமைன்னு சொல்றது செத்தவங்களுக்குச் செய்யற துரோகம்.

எங்க தொழில்ல இதுக்கு வழி வெச்சிருக்காங்க. சரியான பேப்பர் இல்லாம ஒரு கடன் கொடுத்துட்டீங்கன்னு வைங்க. வாங்கினவர் யோக்கியர், பைசா பாக்கியில்லாம கட்டிட்டார். இன்ஸ்பெக்டர் விடுவாரா? "கடன்தான் அடைஞ்சிருச்சே சார்"னா, "அது அவர் நல்லவர்ங்கறதுக்கு சாட்சி, நீ நல்ல ஆபீசர்ங்கறதுக்கு இல்லை"ம்பார். எழுதியே தீருவார். ஒழுங்கா வட்டி கட்டற கணக்குக்குக்கூட பொதுவா 0.40 சதவீதம் ஒதுக்கி வைக்கணும்னு ரிசர்வ் பேங்க் விதி. கடன் நல்லா இருக்கும்போதே ஒதுக்கணும். நாமளோ ரோட்டுல தப்பிச்சா அதை லாபத்துல எழுதிக்கறோம். எழுதினதோட விடாம, அடுத்த தடவைக்கு முதலாவும் போடறோம். 2011க்கு அப்புறம் நான் ராத்திரி ஓட்டறதை நிறுத்தினேனா? இல்லை. "எனக்குப் பழக்கம்"னு இன்னும் தைரியமாத்தான் ஓட்டினேன்.

கரியாஹாட் மோர்ல தினம் இதைப் பார்க்கிறேன். ஃப்ளைஓவருக்குக் கீழே ரெண்டு மினிபஸ் ஒண்ணை ஒண்ணு முந்திக்கிட்டு வரும். இங்கே இதுக்கு 'ரேஷாரேஷி'ன்னு பேரு, பேப்பர்ல அடிக்கடி வரும். தனியார் பஸ்சுல டிரைவருக்கும் கண்டக்டருக்கும் டிக்கெட் வசூல்ல பங்கு. முன்னாடி போறவனுக்கு ஆள், பின்னாடி போறவனுக்குக் காத்து. பாதி ரோட்டுல நடைபாதைக் கடைக்காரங்க, நடுவுல டிராம் தண்டவாளம். ஒரு ஆள் குறுக்கே வர, டிரைவர் ஒரு ஒடி ஒடிச்சு முடியிழையில தப்பிச்சா, உள்ளே இருக்கிற நாமளே "கண்ட்ரோலைப் பாருய்யா"ங்கறோம். முந்தின நிறுத்தத்துலேர்ந்து அந்த ஆள் எதுக்கு அந்த வேகத்துல வந்தான்னு யாரும் கேட்கறதில்லை. ஆனா அதே பஸ்சுல ஒரு அம்மா குழந்தையோட இறங்கினா கண்டக்டர் தகரத்தைத் தட்டி, "ஆஸ்தே லேடீஸ், கோலே பாச்சா!"ம்பார். மெதுவா, லேடீஸ், மடியில குழந்தைன்னு அர்த்தம். பஸ் நிக்கும். எனக்கு இந்த ஊர்ல பிடிச்ச வாக்கியம் இதான். டிரைவருக்குத் தெரியாததைப் பார்த்து, முன்கூட்டியே, சத்தமா சொல்ற ஒரு ஆள்.

அஜித் விஷயத்துக்கு வர்றேன், இல்லேன்னா பையன் விடமாட்டான். அந்த துபாய் வீடியோவுல எனக்கு ரசிக்க ஒண்ணும் இல்லை. கார் தடுப்புல இடிச்சு சுத்தும்போது உள்ளே இருக்கிறவர் ஒண்ணும் செய்யறதில்லை. இரும்புக் கூண்டும் பெல்ட்டும்தான் வேலை செய்யுது. நான் ரசிச்சது வீடியோவுல வராத பகுதி. விபத்துக்கு அப்புறம், 24 மணி நேரப் பந்தயத்துக்கு முன்னாடி, தன் சொந்த அணியோட முக்கியமான கார்ல தான் ஓட்டறதில்லைன்னு அவர் விலகிக்கிட்டார். வேற ஒரு கார்ல ஓட்டினார். அந்த அணி அவங்க பிரிவுல மூணாவதா வந்தது. லட்சக்கணக்கான பேர் விசிலடிக்கக் காத்திட்டிருக்கும்போது சீட்டை விட்டு இறங்கறதுக்கு ஒரு திறமை வேணும். அதுக்கு யாரும் பின்னணி இசை போட்டு வீடியோ விடலை.

எனக்கு அன்னிக்கு அந்தத் திறமை இல்லை. சகலை வீட்டுல பாய் விரிச்சிருந்தது.

பையனுக்கு இப்போ பதினெட்டு. எல்.எல்.ஆர். வாங்கிட்டான். இந்தக் கணக்குக் காகிதத்தை மறுநாள் காலையில அவன்கிட்டக் கொடுத்தேன். படிச்சான். "அப்போ நீங்க நல்லா ஓட்டலையாப்பா?"ன்னான். "ஒடிச்சது நல்லா ஒடிச்சேன்டா. ஓட்டினதுதான் கேவலம்"னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "பஸ் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது"ன்னான். அந்தக் கதையை அவன் காலேஜ்ல எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கானோ.

லீவுக்கு ஊருக்குப் போறோம். கோரமண்டல்ல டிக்கெட் போட்டாச்சு. சென்னையில ஒரு ராத்திரி சகலை வீட்டுலதான், அதே பாய். காலையில ஆறு மணிக்கு மேலதான் காரை எடுக்கறது. ஒரு நாள் லீவு கூடப் போகுதுன்னு மேனேஜர்கிட்ட எழுதிக் கொடுத்துட்டேன். பெருந்துறை வரைக்கும் பையன் ஓட்டணுமாம், இன்னும் லைசென்ஸ் வரலை, அதனால இல்லை. அம்மணி முன் சீட்டு. கதையை இனிமே யார் வீட்டுல சொன்னாலும் அவ கத்தினதுலேர்ந்துதான் ஆரம்பிக்கணும்னு சொல்லிட்டா.